நூற்றுக்கு நாற்பது

காந்திமதி கல்லூரியிலிருந்து திரும்பியபோது கேட்டுக்கு வெளியே முன்பின் தெரியாத செருப்புகள் கிடந்தன. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வேகமாக உள்ளே போனாள். ஹாலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் எக்ஸ்ரே கவர். ஓர் அம்மாள் புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றி மூடியிருந்தாள். இவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இவங்கதாம்பா. நம்ம வூட்டு மருமவ," என்றார் சம்பந்தம். காந்திமதியின் கணவருடைய அண்ணன். கையில் முந்தின நாள் மாலைப் பேப்பர், கசங்காமல் நாலாய் மடித்தது.

பேப்பரில் இருந்தது இதுதான்: ‘புற்றுநோயை விரட்டும் திருநீர்மலை மூலிகை. தாம்பரம் பேராசிரியை கண்டுபிடிப்பு. நூற்றுக்கு நாற்பது பேர் குணம்.’ பக்கத்தில் கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் காந்திமதியே நோயாளி மாதிரி இருந்தாள்.

அவள் பேராசிரியை இல்லை, தாவரவியல் விரிவுரையாளர். கண்டுபிடிக்கவும் இல்லை, தேடிக்கொண்டிருந்தாள். நாற்பது பேர் குணமாகவில்லை. ஒருவர்கூட அதைச் சாப்பிட்டதில்லை. எல்லாம் வெள்ளெலிகள்.

அந்தச் செடிக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு, லத்தீனில் ஒரு பெயர் உண்டு. இரண்டையும் இங்கே எழுதுவதாக இல்லை. பேப்பரில் எழுதினார்கள். அந்த வாரமே திருநீர்மலைச் சரிவில் கோணிப்பையும் கடப்பாரையுமாக ஆட்கள் ஏறிவிட்டார்கள். வேலியோரத்திலும் பாறை இடுக்கிலும் ஆடுகூட வாய் வைக்காமல் கிடந்த செடி அது. அதனால்தான் காந்திமதி அதை எடுத்தாள். ஆடு தொடாத இலையில் ஏதோ இருக்கும் என்பது அவளுடைய கணக்கு.

வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். "இது எலிக்குக் கொடுத்துப் பார்த்ததுங்க. மனுஷங்களுக்கு ஆகுமான்னு எனக்கே தெரியாது. டாக்டர் சொல்ற வைத்தியத்தை விட்டுடாதீங்க." அவர்கள் தலையாட்டினார்கள். சிமெண்டுக்குத் தட்டுப்பாடு இருந்த நாளில் கடைக்காரர் ‘சரக்கு இல்ல’ என்று சொன்னால் ஜனங்கள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி. உள்ளே இருக்கிறது, கேட்கிற விதமாகக் கேட்டால் வரும் என்று.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கும் சம்பந்தத்துக்கு இது நன்றாகவே தெரியும். எல்லோரையும் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளியாளுக்கு இப்பிடித்தாம்மா சொல்லணும். ரைட்டு. நானும் அந்தக் காலத்துல இப்பிடித்தான் சொல்லினு இருந்தேன்." குரலை இறக்கினார். "நம்ம வூட்டு விசயத்துக்கு வா. வர்ற பொதன்கெழமை ஆஸ்பத்திரி வேணாம்."

காந்திமதி நின்றபடியே இருந்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

சம்பந்தத்தின் மனைவி பொன்னியம்மாளுக்கு மார்பில் கட்டி. பொங்கலிலிருந்தே இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு, மொட்டை மாடிகளுக்கு நடுவே இடுப்பளவு சுவர்தான். ஒரு நாள் துணி உலர்த்தும்போது வலது கை கொடிக்கு எட்டாமல் அவள் இடது கையால் போடுவதைக் காந்திமதிதான் பார்த்தாள். உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். மறுநாளே அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுதான் என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, தாமதிக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் ஆடி பிறந்திருந்தது. ஆடியில் கத்தி வைக்கவேண்டாம் என்று சம்பந்தம் ஒற்றைக் காலில் நின்றார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. ஆவணியில் இந்தப் புதன்கிழமையை அடம்பிடித்து வாங்கி வைத்திருந்தாள் காந்திமதி.

"மாமா, பேப்பர்ல போட்டது தப்பு."

"எது தப்பு? செடி தப்பா? எலி தப்பா? எங்க மொட்ட மாடிலதான காயப் போட்டே? உங்க அக்காதான ஆஞ்சி குடுத்தா?"

அது உண்மை. காலேஜில் இலை காயவைக்க நிழலான இடம் கிடைக்காத முதல் வருஷத்தில் அவர்கள் மாடியில்தான் கூரைத் தகட்டு நிழலில் பரப்பினாள். பொன்னியம்மாள் கீரை ஆய்வது போல உட்கார்ந்து பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளிக் கொடுத்தாள். தன் உரலிலேயே இடித்தும் கொடுத்தாள். விஷமாக இருக்கலாம் அக்கா என்று காந்திமதி சொன்னதால் புளி போட்டுத் தேய்த்து, உரலை மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துவைத்தாள்.

"மருந்து வூட்லயே கீது. அத்த வுட்டுட்டு அறுக்கறவன்கிட்ட போய் நிக்கணுமா? அவ தங்கச்சி கதி தெரியும்ல உனக்கு? கத்தி பட்டதும் பரவிடுச்சு."

"பரவின பிறகுதான் மாமா அவங்க கத்தியே வெச்சாங்க."

"எல்லாம் பேசு. எவனெவனுக்கோ குடுப்பே, பாரின்காரன் வந்தா குடுப்பே. வூட்டு மனுஷிக்குக் கேட்டா சட்டம் பேசு."

உள் அறை வாசலில் பொன்னியம்மாள் நின்றிருந்தாள். அவள் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒன்று இருந்தது. தெம்பு. அதைப் பார்த்துத்தான் காந்திமதிக்குப் பயம் வந்தது.

இரவு சாப்பாட்டின்போது கணவன் லோகநாதன் மெதுவாக ஆரம்பித்தான். ரயில்வே பணிமனையில் வேலை. யாரையும் பகைத்துக்கொள்ளாத சுபாவம்.

"ரொம்பக் கொஞ்சமா குடுத்துப் பார்க்கக் கூடாதா? ஆபரேஷனுக்கு முன்னாடி? அண்ணனுக்கும் திருப்தி."

"எவ்வளவு கொஞ்சம்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் சொல்லணும்."

"எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

அவன் மோரை ஊற்றிக்கொண்டான். "நாலு வருஷமா ஞாயித்துக்கெழமைகூட வீட்ல இல்ல. எனக்குத் தெரியாது தெரியாதுன்னா கேக்கறவன் என்ன நினைப்பான் காந்தி?"

செய்தி கொடுத்தவர் ராஜகோபால். கிழக்குத் தாம்பரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார், மாலைப் பத்திரிகைக்கு நிருபரும் அவர்தான். கல்லூரிக் கருத்தரங்கில் எல்லோருக்கும் கொடுத்த ஒரு பக்கச் சுருக்கம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. அதில் ‘ஆயுள் நீட்டிப்பு: நாற்பது சதவீதம்’ என்று இருந்தது. மறுநாள் காலையிலேயே காந்திமதி அவர் கடைக்குப் போய் நின்றாள்.

"ஆயுள் நீட்டிப்புன்னா குணமானதுன்னு அர்த்தம் இல்ல சார். எலி வயித்துல நாங்களே கேன்சரை ஊசியில ஏத்துறோம். மருந்து தராத எலி இருபது நாள்ல செத்துப்போகும். மருந்து தந்தது இருபத்தெட்டு நாள் இருந்துச்சு. அந்த எட்டு நாளைத்தான் நாற்பது சதவீதம்னு போடுறோம். அப்புறம் அதுவும் செத்துப்போகும்."

ராஜகோபால் ஒரு கல்யாண ஜோடியின் படத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "எட்டு நாள் லேட்டா எலி செத்துச்சுன்னு போட்டா எவன் மேடம் படிப்பான்?"

"படிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க போகாம நின்னுடறாங்க சார். என் வீட்லயே நிறுத்தப் பார்க்கறாங்க. நீங்க மறுப்பு போடணும்."

"போட்ருவோம். டென்ஷன் ஆவாதீங்க. ஒரு கலர் சோடா சாப்பிடுங்க."

போட்டார். இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில் வந்தது. ‘சாதனையை வெளியிட விரும்பாத பேராசிரியை! தன்னடக்கத்தால் மறுக்கிறார்.’ அன்று சாயங்காலம் செருப்புகள் இன்னும் அதிகமாக இருந்தன. பல்லாவரத்திலிருந்து ஒருவர் ஒரு தாம்பாளத்தில் பழமும் வேட்டியும் கொண்டு வந்திருந்தார்.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், கொஞ்ச நாளில் அடங்கிவிடும், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். அவருக்கு அது சரி. அவர் வீட்டில் புதன்கிழமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னியம்மாளின் மாடியில், கூரைத் தகட்டு நிழலில், பிரித்துப்போட்ட சிமெண்டுச் சாக்கின் மேல் இலை பரப்பியிருந்தது. காந்திமதி இப்போதெல்லாம் கல்லூரியிலேயே காயவைக்கிறாள். சுவரைத் தாண்டிக் குதித்து ஓர் இலையை எடுத்துக் கசக்கினாள். அந்த வாசனைக்கு முகர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. நாலு வருஷமாக அவள் புடவையெல்லாம் அதுதான்.

படியிறங்கி நேரே பொன்னியம்மாளின் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் ஒரு பாத்திரம், தட்டுப் போட்டு மூடியது. திறந்தாள். கஷாயம் கருத்துச் சுண்டியிருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

பொன்னியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பேப்பர் வந்த மறுநாள்லேர்ந்து. காத்தால ஒரு டம்ளரு, ராவுக்கு ஒரு டம்ளரு. உங்க மாமாதான் மலைல ஆள வுட்டு புடுங்கினு வந்தாரு."

"ஐயோ, டம்ளரா?"

"நீ ஒரு சொட்டு குடுத்திருந்தீன்னா நான் ஏன்டி டம்ளர்ல குடிக்கறேன்?"

"அக்கா, அதோட அளவு—"

"அளவாவது கிளவாவது. இடிச்சது இந்தக் கை. ரசத்துக்கு உப்பு போடத் தெரியாதவளா நானு?" வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "கட்டி கொறைஞ்சா மாரி கீது. தொட்டுப் பாரு."

காந்திமதி தொட்டுப் பார்க்கவில்லை. பொன்னியம்மாளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுப்பாகத்தான் இருந்தது. இல்லை, ஓரத்தில் மஞ்சளா? பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கதவில் பட்டு வரும் வெளிச்சத்தில் ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"வாந்தி வருதா?"

"மருந்துன்னா பெரட்டத்தான் செய்யும்."

கருத்தரங்குச் சுருக்கத்தில் இடம் கிடைக்காத விஷயம் ஒன்று இருந்தது. இன்னொரு கூண்டு எலிகளுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்திருந்தாள். அவை மருந்து தராத எலிகளுக்கும் முன்னால் செத்துப்போயின. அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் ஊதி, நிறம் மாறியிருந்தது. அதைச் சொன்னாள். பொன்னியம்மாள் கேட்டுவிட்டு, "எலி ஒடம்பும் மனுஷ ஒடம்பும் ஒண்ணா?" என்றாள்.

"ஒண்ணு இல்லைதான்க்கா. பொழைக்கும்னு நம்பறதுக்கு மட்டும் ஒண்ணா?"

பாத்திரத்தைக் காந்திமதி எடுத்துக் கொட்டப் போனபோது பொன்னியம்மாள் எழுந்து வந்து இடது கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சூடு. இருந்தும் விடவில்லை. இருவரும் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்கள்.

"கொட்டாத காந்தி. எனுக்கு வேற எதுவும் இல்ல."

"இருக்கு. புதன்கிழமை இருக்கு."

"அது என் தங்கச்சிக்கும் இருந்துச்சு."

காந்திமதி கையை எடுத்துவிட்டாள். பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பட்டது. "நாளைக்கு என்கூட காலேஜுக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. பார்த்துட்டு அப்பவும் குடிக்கணும்னா நானே காய்ச்சித் தர்றேன்."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க, பார்த்த பிறகும் காய்ச்சிக் கொடு என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று புரண்டுகொண்டிருந்தாள்.

மறுநாள் பொன்னியம்மாள் நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். எலிகளின் அறை கல்லூரியின் பின்பக்கம் தனிக் கட்டடம். உமியும் மூத்திரமும் கலந்த நெடி மரத்தடியிலேயே ஆரம்பித்துவிடும். பார்த்துக்கொள்கிற சின்னப்பன் வாசலில் தண்ணீர் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், விருந்தாளியா?"

"எங்க வீட்டு அக்கா. எலியைப் பார்க்கணுமாம்."

"ஜூ வண்டலூர்ல கீதும்மா. இங்க டிக்கெட்டு இல்ல, நாத்தம்தான்."

பொன்னியம்மாள் சிரிக்கவில்லை. மூக்கைப் பொத்தாமல் உள்ளே போனாள். வரிசையாகக் கூண்டுகள். வெள்ளை எலிகள், சிவந்த கண்கள். சிலதுக்குத் தலையில் மஞ்சள், சிலதுக்கு முதுகில், சிலதுக்கு வாலில்.

"இன்னாத்துக்கு மஞ்ச பூசி வெச்சிருக்கே? வெட்டப்போற ஆட்டுக்கு வெக்கிற மாரி?"

"எது எதுன்னு தெரியறதுக்குக்கா. சாயம்."

முதல் கூண்டைக் காட்டினாள். எலிகளின் வயிறு இருபுறமும் தொங்கி, நடக்கும்போது தரையைத் தொட்டது. ஒன்று மூலையில் பக்கவாட்டில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இதுங்களுக்கு வெறும் உப்புத் தண்ணிதான் ஊசி."

"மருந்து குடுக்க மாட்டியா?"

"மாட்டேன். இதுங்க எப்போ சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து என்ன பண்ணுச்சுன்னு தெரியும்."

பொன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வருஷம் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த பெண்ணை முதல் தடவையாகப் பார்ப்பது போல.

அடுத்த கூண்டு. வயிறு அவ்வளவு இல்லை. ஒன்று பின்னங்கால்களில் நின்று கம்பியைக் கடித்தது. "இதுங்கதான் மருந்து தந்தது."

"அப்ப நல்லாத்தானே கீது!" பொன்னியம்மாளின் குரல் உயர்ந்தது. "அது நிக்குது பாரு. துள்ளினு கீது பாரு. பொய்யா சொன்னே?"

"இன்னும் ஒரு வாரம் துள்ளும். அதுக்கப்புறம் இதுங்களுக்கும் வயிறு வரும்."

"பொழைக்கறது எத்தினி?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நூத்துக்கு நாப்பதுன்னு..."

"கூட இருந்த நாள் அது. பொழைச்ச கணக்கு இல்ல. நாலு வருஷத்துல ஒண்ணுகூடப் பொழைக்கல."

பொன்னியம்மாள் நம்பவில்லை. திரும்பி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இந்தாப்பா, நீ சொல்லு. உனக்கு இவ சம்பளம் குடுக்கல. இந்த மஞ்ச வெச்சதுல எத்தினி பொழைச்சி கீது?"

சின்னப்பன் காந்திமதியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"எல்லாத்தையும் நான்தாம்மா கொண்டும்போய் பொதைக்கறேன். மஞ்ச வெச்சது, வெக்காதது, எல்லாம் அந்த முந்திரி மரத்தாண்ட ஒரே குழிதான்."

ஓரத்தில் ஒரு கூண்டு கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தது. பொன்னியம்மாள் அதை நோக்கிக் கையை நீட்டினாள், கேட்கவில்லை.

"அதுக்குத்தான் அதிகமாக் குடுத்தேன்," என்றாள் காந்திமதி.

பொன்னியம்மாளுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் நோயின் மேல் வராத கோபம், சம்பந்தத்தின் மேல் வராத கோபம்.

"அப்ப நாலு வருசமா இன்னாடி பண்ணினு இருந்தே? புள்ளைங்கள எங்கிட்ட வுட்டுட்டு, வெயில்ல மல ஏறி, காசக் கொட்டி? நான் எதுக்குடி உக்காந்து உக்காந்து இலை ஆஞ்சேன்?"

"இதுக்குத்தான்க்கா."

"எதுக்கு? எட்டு நாளுக்கா?"

"ஆமா."

அவள் அழவில்லை. விடுவிடுவென்று வெளியே போனாள். காந்திமதி பின்னாலேயே ஓடினாள். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு பொன்னியம்மாள் குனிந்தாள். பச்சையாக வாந்தி. லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. காந்திமதி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பொன்னியம்மாள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அவ்வளவுதான் பதில்.

செவ்வாய்க்கிழமை அவள் கஷாயம் குடித்தாளா இல்லையா என்று காந்திமதிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தத்தின் குரல் மட்டும் கேட்டது: "அவ காட்னா நீ பாத்துட்டு வந்துடுவியா? உனக்கு இன்னா தெரியும்? செத்த எலியத்தான் காட்டுவா!"

புதன்கிழமை விடிந்ததும் அவர் அம்பாசடர் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். காந்திமதி ஒரு பையில் இரண்டு சேலை, டம்ளர், சீப்பு எடுத்துவைத்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. லோகநாதனும் வந்து பக்கத்தில் நின்றான். அண்ணன் விஷயத்தில் அவன் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான், ஆனால் முகம் பேயறைந்த மாதிரி.

பொன்னியம்மாள் வெளியே வந்தாள். வீட்டைப் பூட்டினாள். சாவியைத் தூணின் பின்னால் வைத்தாள்.

"அண்ணி, ஆட்டோ பிடிக்கட்டுமா?"

"ரயில்லயே போலாம். ஆட்டோ குலுக்கும்." படியிறங்கியபடி காந்திமதியைப் பார்க்காமலே சொன்னாள்: "குழில போட்டு மூடறதுக்கு ஒரு ஆளு வேற வெச்சிகிற பாரு."

அடையாற்றில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே கேட்டார். "இவங்க வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? நாட்டு மருந்து, லேகியம்?"

பொன்னியம்மாள் தரையைப் பார்த்தாள். காந்திமதி செடியின் பெயரைச் சொன்னாள். எத்தனை நாள், எவ்வளவு, எப்படிக் காய்ச்சியது என்பதையும் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அந்தப் பேப்பர்ல வந்தவங்க நீங்கதானா?"

"ஆமாம் டாக்டர்."

"போன வாரம் ரெண்டு பேஷண்ட் ஆபரேஷன் வேணாம்னு போயிட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டு."

காந்திமதி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "விலாசம் கிடைக்குமா? நான் போய்ச் சொல்றேன்."

"நாங்க லெட்டர் போட்டிருக்கோம். நீங்க இவங்களைப் பாருங்க முதல்ல. லிவர் கெட்டிருக்கு. இந்த நிலைமையில மயக்க மருந்து கொடுக்க முடியாது. அது சரியாகணும், அப்புறம்தான் ஆபரேஷன்."

"சரியாகுமா?"

"நிறுத்தியாச்சுன்னா ஆகலாம். அதுவரைக்கும் கட்டி காத்திருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

அதன்பின் வந்த நாட்கள்தான் காந்திமதியின் வாழ்க்கையிலேயே மோசமானவை என்று லோகநாதன் பின்னால் சொல்வான். எண்ணெய் இல்லாத சாப்பாடு, இளநீர், கஞ்சி. சில நாளுக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் சுவர் தாண்டிப் போய்ப் பொன்னியம்மாளை வெயிலுக்குக் கொண்டுவந்து கண்ணைப் பார்ப்பாள். சம்பந்தம் திண்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இவளிடம் பேசமாட்டார். முதல் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா அவரையும் வரச்சொல்லி, உள்ளே வைத்துப் பேசியிருந்தார். வெளியே வந்தவர் காரில் ஏறி, வெகுநேரம் ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாடியில் சாக்கும் இல்லை, இலையும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போக காந்திமதி கிளம்பியபோது கார் வாசலில் நின்றது, முன்கதவு திறந்து.

கேட்டுக்கு வந்தவர்களுக்கு இப்போது காந்திமதி வேறு மாதிரி சொன்னாள். மெதுவாகச் சொல்வதை விட்டுவிட்டாள். "அது சாப்பிட்டா ஈரல் கெட்டுப்போகும். எங்க வீட்டுலயே ஆயிருக்கு. பார்க்கணுமா, பக்கத்து வீட்டுல இருக்காங்க." சிலர் போனார்கள். சிலர், காசு எதிர்பார்த்துத்தான் மறைக்கிறாள் போல என்று தெருவில் பேசிக்கொண்டே போனார்கள்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் ரத்தம் தேறியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். காந்திமதி, லோகநாதன், சம்பந்தம் மூவரும் மேல்மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நேரமாக ஆக, சம்பந்தம் எழுந்து தூண் வரை போவதும் வருவதுமாக இருந்தார். டாக்டரம்மா வெளியே வந்தபோது மூவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"முடிஞ்சுது. நல்லா இருக்காங்க. அக்குள்லயும் சின்னதா கட்டிங்க இருந்தது, எடுத்தாச்சு. கதிர்வீச்சு கொடுக்கணும், கொஞ்ச நாளாகும்."

"முதல்லயே வந்திருந்தா அக்குள்ல இருந்திருக்காதா?" காந்திமதி கேட்டேவிட்டாள்.

"இருந்திருக்காதுன்னு சொல்ல முடியாது. இருந்திருக்கும்னும் சொல்ல முடியாது."

இந்த மாதிரி வாக்கியங்களை அவளே எழுதியிருக்கிறாள். எதிரில் நின்று கேட்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. பொன்னியம்மாள் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள் என்பதும், காந்திமதி ஆய்வை முடித்து, ‘அதிக அளவில் கல்லீரல் நச்சு’ என்பதைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே போட்டாள் என்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு அந்த வராந்தாவில் யாருக்கும் எதுவும் தெரியாது.

டாக்டரம்மா போன கொஞ்ச நேரத்தில், பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் நகர்ந்து வந்தார். லுங்கி, தோளில் துண்டு. கொஞ்ச நேரமாகவே இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். காந்திமதியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்கத் தயங்கி, சம்பந்தத்திடம் குனிந்தார்.

"அண்ணே, பேப்பர்ல போட்ருந்தாங்களே, அந்தம்மாதான இவங்க? என் பையனுக்குண்ணே. பதினேழு வயசு. கால எடுக்கணும்னு சொல்றாங்க. படம் ஞாபகம் இருக்கு, செடி பேருதான் மறந்துபோச்சு. அது மட்டும் சொன்னீங்கன்னா..."

காந்திமதி வாயைத் திறந்தாள். அதற்குள் சம்பந்தம் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு கேக்காத. எலிக்குக் குடுத்தாங்க, எலி செத்துது. நான் என் பொஞ்சாதிக்குக் குடுத்தேன், அவளும் போவ இருந்தா. யாரு குடுத்தது? இவங்க இல்ல. நான் குடுத்தேன்."

"நாப்பது பேருக்கு குணம்னு..."

"எல்லாம் எலிதான்யா. ஒண்ணு இல்ல உயிரோட."

அந்த ஆள் நம்பிய மாதிரி தெரியவில்லை. கண் காந்திமதி பக்கமே போனது. சம்பந்தம் கையை விடவில்லை.

"பையன் எங்க?"

"கீழ படுத்துனு இருக்கான்."

"வா. என்கூட வா. நான் பேசறேன் அவன்கிட்ட. லோகு, நீ இங்கயே இரு."

படியிறங்கும் சத்தம் கேட்டது. அந்த ஆள் ஏதோ மறுத்துப் பேசுவதும், அதை மீறிச் சம்பந்தத்தின் குரலும். சாயங்காலத்துக்கு மேல்தான் காந்திமதியை உள்ளே விட்டார்கள். பொன்னியம்மாள் கண்ணைத் திறக்காமல் தண்ணீர் கேட்டாள். இன்னும் கொடுக்கக்கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் ஒத்தலாம் என்று நர்ஸ் சொன்னாள். காந்திமதி பஞ்சை நனைத்துப் பிழிந்து, உதட்டில் ஒத்தினாள். பொன்னியம்மாள் நாக்கால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான்க்கா," என்றாள் காந்திமதி, மறுபடி பஞ்சை நனைத்தபடி.